சிறகனின் கடைசி எழுத்து

ஐம்பத்தோரு எபிசோடு வரைக்கும் நான் ஆம்பளை. ஐம்பத்திரண்டாவதுல நான் பொம்பளைன்னு சொல்லிட்டாங்க. சொன்ன விதமாவது ஒழுங்கா இருந்துச்சா, அதுவும் இல்ல. காலையில பத்து மணிக்கு நான் தொண்டையைச் சரி பண்ண வெந்நீர் குடிச்சுக்கிட்டு நிக்கிறேன், சவுண்ட் இன்ஜினியர் வந்து, "அண்ணே, ஒரு சின்ன விஷயம்"னு இழுத்தார். சின்ன விஷயம்னு ஆரம்பிச்ச எதுவும் என் வாழ்க்கையில சின்னதா முடிஞ்சதே கிடையாது.

நான் டப்பிங் பேசுறவன். வேற மொழியில எடுத்த படம், கார்ட்டூன் எதுவா இருந்தாலும் தமிழ்ல குரல் கொடுக்கிறது என் பொழப்பு. இருபது வருஷம் நான் பேசினதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிடலாம். வாட்ச்மேன், ரெண்டாவது போலீஸ்காரன், "ஐயா, உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார்"னு சொல்லிட்டுப் போற வேலைக்காரன். அப்புறம் சாகிறவன். சாகிறதுல எனக்கு நல்ல பேரு. மாடியிலருந்து விழுந்து சாகணும்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. பேரு சொல்லி நாலு பேருக்குத் தெரியிற மாதிரி ஒரு வேஷம் அமையல.

அப்பதான் சிறகன் வந்தான். இருநூறு வருஷத்துக்கு அப்புறம் நடக்கிற கார்ட்டூன் தொடர். ஊரு மொத்தமும் மேகத்துக்கு மேல கோபுரம் கோபுரமா நிக்கும். தரையில யாரும் இல்ல. அங்க யாராவது கால் தவறி விழுந்தா பாதி வழியில பறந்து வந்து பிடிக்கிற வீரன் சிறகன். முதுகுல உலோக இறக்கை, தலையில கண்ணாடி போட்ட ஹெல்மெட். முகம் தெரியாது, யாருன்னு யாருக்கும் தெரியாது. உதடே தெரியாததால வாய் அசைவுக்குப் பேச வேண்டிய தலைவலி இல்ல, டப்பிங்காரனுக்கு அது மாமியார் வீட்டு விருந்து. ஒரே வருஷத்துல எங்க தெருப் பிள்ளைங்க என்னை 'சிறகன் மாமா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பால் வாங்கப் போனாலும் ரெண்டு வசனம் பேசிட்டுத்தான் வரணும். சலிச்சுக்கிற மாதிரி நடிப்பேன். உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். அந்த வேஷம் போச்சுன்னா நான் மறுபடியும் வாட்ச்மேன்தான், அது எனக்கு நல்லாத் தெரியும்.

இந்த இன்ஜினியருக்கு நாங்க வச்ச பேரு மூச்சு. யார் எவ்வளவு நல்லாப் பேசினாலும் "மூச்சு கேக்குது, இன்னொரு டேக்"னு சொல்லுவார். அவர் அன்னிக்கு நேராத் திரையை ஓட விட்டார். சிறகன் ஒரு கம்பியில மோதி விழறான். ஹெல்மெட் ரெண்டாப் பொளந்து உருளுது. உள்ளேருந்து ஒரு பொம்பளை எழுந்து நிக்கிறா. நாப்பது வயசு இருக்கும். புருவத்துக்கு மேல ஒரு தழும்பு, வேர்வையில ஒட்டின முடி.

"யாரு இது?"ன்னு கேட்டேன்.

"நீங்கதான்"னார் மூச்சு.

எனக்கு ஒன்னும் ஓடல. திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும் அவதான் எழுந்தா. ஒருவேளை சிறகன் வேற எங்கயாவது இருக்கானா, இவ அவனைக் கடத்தி வச்சிருக்காளான்னு கேட்டேன். "அண்ணே, கதையே இவங்கதான். ஆரம்பத்துலருந்து இவங்கதான்"னார். நான் நாற்காலியில உக்காந்துட்டேன்.

இதுக்குள்ள வசனம் எழுதுற அக்கா வந்து சேர்ந்தாங்க. மூல மொழியைத் தமிழாக்கி, வாய் அசைவுக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒட்டுறது அவங்க வேலை. மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

"ஏன்க்கா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

"எப்படித் தெரியும்? அங்கிருந்து ஒவ்வொரு எபிசோடாத்தான் அனுப்புறாங்க. அவங்க மொழியில அவனும் இல்ல, அவளும் இல்ல. பேரைச் சொல்லியே ஒப்பேத்தியிருக்காங்க. வினைச்சொல்லுக்கு அங்க வால் கிடையாது தம்பி. நமக்குத்தான் வந்தான்னு ஒரு வால், வந்தாள்னு ஒரு வால்."

"அப்ப நீங்க ஏன் வந்தான்னு போட்டீங்க?"

அக்கா பையிலருந்து முதல் எபிசோடு தாளை எடுத்து என் மடியில போட்டாங்க. அதுல டைப் அடிச்சிருந்தது எல்லாமே 'வந்துட்டாங்க', 'பிடிச்சுட்டாங்க', 'போயிட்டாங்க'. மரியாதைக்கு மரியாதை, ஆணா பொண்ணான்னு யாரும் கேக்க முடியாது. அதையெல்லாம் பேனாவால அடிச்சு, 'வந்துட்டான்', 'பிடிச்சுட்டான்'னு மேல எழுதியிருந்துச்சு. கையெழுத்து என்னோடது. பேரும் அப்படித்தான். அக்கா வச்ச பேரு வெறும் 'சிறகு'. அதுக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி போட்டு 'சிறகன்'னு நான் எழுதியிருந்தேன்.

ஞாபகம் வந்துருச்சு. அன்னிக்கு நான் பெரிய மேதாவி மாதிரி பேசினேன். ஆயிரம் பேர் கூடி நின்னு 'சிறகு, சிறகு'ன்னு கத்தினா கோழிக்கடையில நிக்கிற மாதிரி இருக்கும்க்கா, ஒரே ஒரு ன் சேருங்க, கம்பீரம் வந்துடும்னு சொன்னேன். அக்கா, யோசிச்சுப் பண்ணலாம் தம்பின்னாங்க. யோசிக்க என்ன இருக்கு, இறக்கை வச்சுக்கிட்டு அடிதடிக்குப் போறது பொம்பளையாவா இருக்கும்னு கேட்டேன். அதைக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

"அந்த மாடிக் காட்சி இருக்கே, அதுக்கு என்ன பண்றது?"ன்னு மூச்சு மெதுவா எடுத்துக் கொடுத்தார்.

தூக்கிவாரிப் போட்டுச்சு. இருபதாவது எபிசோடுல சிறகனும் ஒரு விமானிப் பொண்ணும் மொட்டை மாடியில உக்காந்திருப்பாங்க. மூலத்துல பேச்சே கிடையாது. ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தாங்க, வாயும் தெரியாது, சும்மா விடுவானேன்னு நான்தான் ஒரு வரி சேர்த்தேன். 'உன் கண்ணைப் பார்த்தா எனக்குப் பறக்கவே மறந்து போகுது.' அதைக் குழைஞ்சு குழைஞ்சு வேற பேசி வச்சிருக்கேன்.

"அந்தப் பொண்ணு யாரு?"

"கூடப் பிறந்த தங்கச்சி"ன்னாங்க அக்கா.

"ஐயையோ."

"ஏன், அக்கா தங்கச்சி கண்ணைப் பார்த்து அப்படிச் சொல்லக் கூடாதா?"ன்னு மூச்சு எனக்கு முட்டுக் கொடுத்தார். அக்கா கண்ணாடியை இறக்கி மாட்டினாங்க. "சொல்லலாம். இவன் சொன்ன தொனியில சொல்லக் கூடாது."

அந்த ஒரு வரியை மட்டும் நீங்களே திரும்பப் பேசிக் கொடுங்கன்னு முடிவாச்சு. மத்த ஐம்பது எபிசோடுலயும் என் குரல் அப்படியே இருக்கட்டுமாம். தொடர் எடுத்த கம்பெனிக்காரங்க எழுதியிருந்தாங்களாம். அந்த ஹெல்மெட்டுக்குள்ள குரலை மாத்துற கருவி ஒன்னு இருக்கு, அதனால எந்தக் குரல் கேட்டாலும் தப்பில்லைன்னு.

"அப்ப இத்தனை நாளா நான் யாரு?"

"ஹெல்மெட்டு"ன்னாங்க அக்கா.

இதுக்கு அழுறதா சிரிக்கிறதான்னு எனக்குத் தெரியல. ஹெல்மெட்டு உடைஞ்சு போச்சு, இனிமே அவ அதைப் போடவே மாட்டா. அப்ப இனிமே யாரு பேசப் போறாங்கன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

"அண்ணே, முதல் நாள் ஞாபகம் இருக்கா? வசனம் நேரத்துக்குப் பொருந்துதான்னு பார்க்க ஒருத்தரைச் சும்மா வாசிக்கச் சொன்னோமே. அந்த ஒலியையும் மாதிரிக்கு அனுப்பியிருந்தோம். இப்ப அதைக் கேட்டுட்டு, இந்தக் குரல் வேணும்னு கேக்குறாங்க."

அன்னிக்கு வாசிச்சது என் பொண்டாட்டி.

அவளும் டப்பிங்தான். கூட்டத்துல கத்துறது, பச்சைக் குழந்தை அழுகை, ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லாம் அவ பேசுவா. நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டதே ஒரு பூகம்பப் படத்துல, ஒரே மைக்குக்கு முன்னாடி நின்னு 'ஓடுங்க ஓடுங்க'ன்னு கத்தும்போதுதான். அவ குரல்ல ஒரு கரகரப்பு உண்டு. அதனாலேயே அவளுக்குக் கதாநாயகி வேஷம் ஒன்னுகூட வந்ததில்ல.

"நீங்களே வீட்டுல சொல்லிடுங்க. நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க"ன்னார் மூச்சு. "வேலை வீட்டை விட்டு வெளிய போகல பாருங்க." நானும் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். உண்மைதானே, வேலை எங்கயும் போகல. அப்புறம் ஏன் எனக்கு இப்படி இருக்கு?

நடந்தே வீட்டுக்குப் போனேன். வழி பூரா பழைய காட்சியா வந்துச்சு. ஒரு குழந்தையைக் காப்பாத்தி இடுப்புல வச்சுக்கிட்டுப் பறப்பான். பறப்பா. அதைப் பார்க்கும்போதே எனக்குத் தோணியிருக்க வேண்டாமா? ஒரு தடவை அடிபட்டு வந்து தங்கச்சிக்குத் தெரியாம ரத்தத்தைத் துடைப்பான், துடைப்பா. நான் அதை ரோஷம்னு நெனச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசினேன். எந்த வாலைப் போட்டு நெனைக்கிறதுன்னே புரியாம, கடைசியில வந்துச்சு போச்சுன்னு மாட்டைச் சொல்ற மாதிரி நெனைக்க ஆரம்பிச்சுட்டேன். இதுல ஒரு வேடிக்கை. 'நான் வந்துட்டேன்', 'நான் இருக்கேன்', நான் பேசின ஒரு வரியிலயும் தப்பு இல்ல. நான்ங்கிற வார்த்தைக்குத் தமிழ்லயும் வால் கிடையாது. அவளைப் பத்தி மத்தவங்க பேசினது பூராத்தான் தப்பு.

வீட்டுல அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா.

"சிறகன் பொம்பளையாம்"னேன்.

"எந்தச் சிறகன்?"

"நான்."

மடிச்ச துணியைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. மாடிக் காட்சியைச் சொன்னதும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டா. எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "போதும், உன் புருஷன் வேலை போயிருக்கு"ன்னு சொன்னேன். சட்டுனு நிறுத்திட்டா.

"அப்ப யாரு பேசுவாங்களாம்?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "இன்னும் முடிவாகல"ன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. அவ ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தா. அப்புறம் என் சட்டையை எடுத்து, கை ரெண்டையும் உள்ள மடக்கி, வழக்கத்தைவிட மெதுவா மடிச்சா.

மறுநாள் காலையில நான் எழுந்து பார்த்தா அவ குளிச்சு, தலை வாரி, பிளாஸ்க்ல வெந்நீர் ஊத்தித் தயாரா நிக்கிறா. ஒன்னு இல்ல, ரெண்டு பிளாஸ்க். "வசனக்கா நேத்து மத்தியானமே போன்ல சொல்லிட்டாங்க"ன்னா. நான் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியேவான்னு கேட்டேன். ஆமான்னா. பஸ்ல பக்கத்துப் பக்கத்துலதான் உக்காந்து போனோம். இவ எல்லாம் தெரிஞ்சுதான் என்கிட்ட யாருன்னு கேட்டாளா, நான் சொல்றேனா பார்ப்போம்னு கேட்டாளா, ஒன்னும் பிடிபடல. கேக்கவும் வாய் வரல.

ஸ்டூடியோவுல அக்கா பக்கத்து அறையில உக்காந்து இந்த எபிசோடுல மத்தவங்க வசனத்துல இருந்த 'அவன்' எல்லாத்தையும் 'அவங்க'ன்னு மாத்திக்கிட்டு இருந்தாங்க. என் பொண்டாட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னாடி. நானும் மூச்சும் இந்தப் பக்கம். நான் எழுந்து போறேன்னு சொன்னதுக்கு மூச்சு என்னைப் போக விடல.

"அண்ணே, அந்த ஆளை உங்களுக்குத்தான் தெரியும். எப்ப மூச்சு விடுவாங்க, எப்ப நிறுத்துவாங்கன்னு ஐம்பத்தோரு எபிசோடு கூடவே இருந்திருக்கீங்க. நீங்க சரின்னா சரி. சாயங்காலம் அனுப்பணும். சரியா வரலைன்னா வேற குரல் தேடிக்கிறோம்னு அவங்க எழுதியிருக்காங்க."

ஆக என் வாயிலதான் இருக்கு. நான் பொருந்தலைன்னு சொன்னா இவளுக்கும் இல்ல. இதை நான் கேக்கல, ஆனா கையில வந்து உக்காந்துக்கிச்சு.

காட்சி இதுதான். ஹெல்மெட் போனதும் எதிரி அந்தத் தங்கச்சியைக் கோபுரத்துலருந்து தள்ளி விடுறான். இவ முகம் தெரிய, ஒத்தை இறக்கையில பறந்து போய்ப் பிடிக்கிறா. பிடிச்சதும் வசனம்: 'பிடிச்சுட்டேன். கீழ பார்க்காத. என்னைப் பாரு.' முதல் வார்த்தையை நான் எபிசோடுக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். கூரை அதிரச் சொல்லுவேன்.

சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு. அவ பேசினா.

கத்தல. யாருக்கும் அறிவிக்கல. கையில இருக்கிற அந்த ஒருத்திக்கு மட்டும் கேட்டாப் போதும்ங்கிற மாதிரி, பாதி மூச்சுல சொன்னா. பிடிக்க முடியாமப் போயிருக்குமோன்னு நடுங்கினவ சொல்றது அது. அந்தக் கரகரப்பு 'பாரு'ங்கிற இடத்துல லேசாத் தட்டுச்சு. இத்தனை நாளா நான் ஊருக்குக் கேக்கத்தான் கத்தியிருக்கேன், விழுந்தவங்ககிட்ட ஒரு தடவைகூடப் பேசல. மூச்சு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ மூச்சு விட்டது கேட்டுச்சு, ஆனா அதைப் பத்தி அவரே வாய் திறக்கல.

"இன்னொரு டேக்"னேன்.

ரெண்டாவது தடவையும் அப்படித்தான். முதலைவிட ஒரு இழை கூடுதலாவே நல்லா இருந்துச்சு. "இன்னொன்னு"ன்னேன். எதுக்குன்னு மூச்சு கேட்டார். "கொஞ்சம் சன்னமா இருக்கு, வீரம் பத்தல"ன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூணாவதும் குறை சொல்ல முடியாம இருந்துச்சு. கண்ணாடி வழியா அவ என்னையே பார்க்கிறா. நான் கையில இருந்த தாளைப் பார்த்துக்கிட்டே நாலாவது கேட்டேன்.

நாலாவது சறுக்கிடுச்சு. 'பிடிச்சுட்டேன்'னு கொஞ்சம் உரக்க, ஒப்பிக்கிற மாதிரி வந்துச்சு. கூட்டத்துல கத்துற பொம்பளை குரல். பொய் சொல்ல மாட்டேன், அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சுல ஒரு நிம்மதி வந்துச்சு. சரி, இவளுக்கு வரல, பொருந்தலைன்னு சொல்லிடலாம், ரெண்டு பேரும் பழையபடி வீட்டுக்குப் போகலாம்னு தோணுச்சு. அப்படித் தோணினது நான்தானான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு.

அவ மைக் பக்கத்துல வந்தா. எங்க அறை ஸ்பீக்கர்ல அவ குரல் கேட்டுச்சு.

"ஏங்க, உங்களுக்குப் பிடிக்கலையா? இல்ல, பிடிச்சுப் போச்சா?"

மூச்சு குனிஞ்சு பட்டன்களைத் துடைக்கிறதுல மும்முரமாயிட்டார். நான் அவளோட பேசுற பட்டனை அமுக்கினேன். என்ன சொல்றதுன்னு ஒன்னும் யோசிச்சு வைக்கல.

"பிடிச்சுப் போச்சு. முதல் தடவையே பிடிச்சுப் போச்சு. பொறாமையில வயிறு எரியுது, அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

அவ பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடிச்சா.

"அப்ப முதல் டேக்கையே வச்சுக்கச் சொல்லுங்க"ன்னா. "நாலாவதை அழிச்சிடச் சொல்லுங்க. அது உங்களுக்காக வேணும்னே மோசமாப் பேசினது."

மூச்சு என்னைக் கேக்காமலேயே அதை அழிச்சார்.